கட்டிலுக்கு மேலே ஒரு ரோமாபுரிக் கூரை

நான் ஏணியிலிருந்து விழுந்தது ஓர் ஐப்பசி மாதத்துக் காலையில். தேர்வாய் கண்டிகைப் பக்கம் ஒரு கிடங்குக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். வெல்டிங் என் தொழில். அன்று வேலை இன்னும் தொடங்கவே இல்லை. இரவு பெய்த மழையில் ஏணிப்படிகள் நனைந்திருந்தன. மேலே கட்டியிருந்த கயிறு சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஏறினேன். கால் வழுக்கியது. கண் திறந்தபோது கூட வேலை செய்கிறவர்கள் என் முகத்துக்கு மேலே குனிந்து நின்றார்கள். எழுந்து உட்காரலாம் என்று பார்த்தேன். இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய உடம்பையோ கொண்டுவந்து கட்டிவிட்டதுபோல் இருந்தது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து முதுகெலும்பில் தகடும் திருகாணியும் வைத்தார்கள். "இத்தனை வருஷம் நான் இரும்ப ஒட்டினேன், இப்ப இரும்பு என்னிய ஒட்டி வெச்சிகீது" என்று மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. வலது கால் வந்துவிடும், இடது காலைப் பொறுத்திருந்துதான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அவள் எனக்கு முன்பே கேட்டுவிட்டிருந்தாள்.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் வாடகை வீடு ஒரே அறையும் ஒரு சமையல்கட்டும். காற்றுக்காகக் கட்டிலை அறை நடுவில் இழுத்துப் போட்டு, என் தலை ஃபேனுக்கு நேர் கீழே வரும்படி படுக்கவைத்தார்கள். மல்லாந்துதான் படுக்க வேண்டும். திரும்ப வேண்டுமானால் இரண்டு பேர் பிடிக்க வேண்டும். மனைவி ஸ்டேஷன் பக்கம் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டரில் பேனர் வடிவமைக்கிறாள். அவள் வேலைக்குப் போனால்தான் வீடு நடக்கும் என்பதால், பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள என் அக்கா வந்துவிடுவாள். அக்காவுக்கு என்னைவிடப் பதினைந்து வயது மூப்பு. வயல்வேலை நின்றுபோன பிறகு கம்பெனிகளில் துப்புரவு வேலை பார்த்து, அப்போதுதான் அதையும் விட்டிருந்தாள். கஞ்சி ஊட்டுவாள், துடைத்துவிடுவாள், பெட்பேன் எடுப்பாள், ஜெபமாலை சொல்லுவாள்.

எனக்குப் பேச்சு குறைந்துபோனது. கோபம் ஒன்றும் இல்லை. சொல்வதற்கு எதுவும் தோன்றவில்லை. நாள் முழுக்க எனக்குத் தெரிந்தது ஃபேனும், சுண்ணாம்பு அடித்த கூரையும், அதில் ஒரு ஈரக்கறையும்தான். ஒரு நாள் மாலை வேலையிலிருந்து வந்த மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னா யோசனை?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. மேலயே பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சி."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்து உலை வைக்கப் போனாள்.

அந்த வாரம் அவர்கள் கடைக்கு ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் வந்திருந்தார். மணமேடைக்கு மேலே கூரை முழுக்க வானமும் தேவதைகளுமாக அச்சடித்து ஒட்ட வேண்டும் என்றார். தேவதைகள் உள்ள கூரை என்று இணையத்தில் தேடும்போது மனைவிக்கு இந்தப் படம் அகப்பட்டது. ரோமில் பாப்பரசரின் கோயிலில், ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் கூரை முழுவதும் வரைந்தது. உலகம் உண்டானதிலிருந்து பெருவெள்ளம் வரைக்கும் நடுவில் வரிசையாகப் படங்கள். இரண்டு ஓரங்களிலும் பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கடையில் அதை நீளவாக்கில் ஒரு மாதிரி அச்சு எடுத்து மண்டபத்துக்காரருக்குக் காட்டினார்கள். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆனா கல்யாணத்துக்கு வர்றவங்க பொண்ணு மாப்பிள்ளைய பாக்கணும்மா. இத்த மாட்டுனா எல்லாரும் வாயத் தொறந்துக்கினு மேலதான் பாப்பாங்க" என்று சொல்லி, வெள்ளை மேகமும் புறாவும் போதும் என்று போய்விட்டார்.

மிஞ்சிய அச்சைச் சுருட்டி மூலையில் வைக்கப் போன கடை முதலாளியிடம், அதைத் தான் எடுத்துக்கொள்ளலாமா என்று மனைவி கேட்டாள். எதற்கு என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். அவர் சுருளை அவள் கையில் கொடுத்ததோடு நிற்காமல், "நீ எப்டிமா மாட்டுவ" என்று மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தன் ஆட்கள் இருவரை டிரில் மெஷினோடும் ஏணியோடும் எங்கள் வீட்டுக்கு அனுப்பிவைத்தார். நன்றி சொல்ல வேண்டியவர்களை எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் முகம் முதலில் வரும்.

அவர்கள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் ஏணியை விரித்து ஏறியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். ஏணிக் கால் தரையில் உரசும் சத்தத்தையே அப்போது என்னால் தாங்க முடியவில்லை. ஓட்டை போடும் சத்தம் நின்று, ஏணியை மடக்கி வெளியே கொண்டுபோன பிறகு, "இப்ப பாருங்க" என்றாள் மனைவி.

பார்த்தேன். முதலில் ஒன்றும் பிரிந்து தெரியவில்லை. எங்கே பார்த்தாலும் கையும் காலும் முதுகுமாக இருந்தது. பிறகு ஒவ்வொன்றாக விலகி நின்றன. என் நெஞ்சுக்கு நேர் மேலே ஒரு மனிதன் மண்ணில் சாய்ந்து கிடந்தான். வலது முழங்கை தரையில் ஊன்றியிருந்தது. இடது முழங்கால் மடங்கி நின்றது. அந்த முழங்காலின் மேல் கிடந்த இடது கை முன்னால் நீண்டிருந்தது. நீட்டிய கையில் பலமே இல்லை, மணிக்கட்டு தொங்கியது. எதிரே தாடி வைத்த தந்தைக் கடவுள், கூட்டத்தோடு பறந்து வந்து விரலை நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு விரல்களும் தொடவில்லை. ஃபேன் கம்பிக்காகப் படத்தில் ஓர் ஓட்டை போட்டிருந்தார்கள். அது பெண்ணைப் படைக்கும் காட்சியின் நடுவில் வந்துவிட்டது. மனைவிக்கு அதில் மட்டும் மனக்குறை.

"அத்தன பேருல ஒரு பொம்பள பொறக்கிற எடத்துலதான் ஃபேன் வரணுமா" என்றாள். விழுந்த பிறகு நான் முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான். சிரித்தால் தையல் இழுத்தது.

மறுநாள் காலை அக்கா வந்து அண்ணாந்து பார்த்தாள். தலையில் இருந்த முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா இது. ஒருத்தன் மேலயும் ஒட்டுத்துணி கெடையாது. மாதா படம் வெச்சிருக்கிற ஊட்டுல இத்த எப்டி மாட்டுவ?"

"அண்ணி, இது பாப்பரசர் கோயில்ல கீற படம். அங்கயே இப்டித்தான் கீது."

"பாப்பரசரு பாத்துக்கினு சும்மாவா இருந்தாரு?"

மனைவி அன்று வேலைக்குப் போய், நேரம் கிடைத்தபோது தேடிப் படித்துவிட்டு வந்தாள். மாலையில் அக்கா கிளம்பும் நேரத்தில் சொன்னாள். "சும்மா இல்ல அண்ணி. அதே கோயில்ல செவுத்துல, இத்த வரைஞ்சவரே வரைஞ்ச இன்னொரு படம் கீது. அதுக்கு பிற்பாடு வேற ஒரு ஆளக் கூட்டியாந்து அங்கங்க துணி வரையச் சொல்லிக்கிறாங்க."

அக்காவின் முகம் தெளிந்தது. "பாத்தியா. அங்கயும் நம்மள மாரி நாலு பேரு இருந்துக்கிறாங்க." அதற்குப் பிறகு அவள் படத்தைக் கழற்றச் சொல்லவில்லை.

அப்போதிருந்து மாலை நேரம் எங்களுக்குக் கதை நேரமாகிவிட்டது. மனைவி கட்டிலோரம் தரையில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வாள். போனில் படித்ததைச் சொல்லுவாள். இரண்டு பேருமாக மேலே பார்ப்போம். வரைந்தவர் உண்மையில் சிலை செதுக்குகிறவராம். படம் வரைவது என் வேலை இல்லை என்று எவ்வளவோ சொல்லியும் பாப்பரசர் விடவில்லையாம். தனக்கு வேண்டிய சாரத்தைத் தானே யோசித்துக் கட்டவைத்தாராம். சுண்ணாம்புக் கலவையை அன்றன்றைக்கு வரையும் அளவுக்கு மட்டும் பூசி, அது காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். தொடக்கத்தில் வரைந்த பகுதியில் பூஞ்சை பூத்து, எல்லாம் போச்சு என்று விட்டுவிடப் பார்த்தாராம். கலவை சரியில்லை என்று கண்டுபிடித்து மறுபடியும் தொடங்கினார்கள். நாலு வருடம். நின்றுகொண்டே, தலையைப் பின்னால் சாய்த்து, சாயம் முகத்தில் சொட்டச் சொட்ட.

நான் அந்த இடத்தில் அவளை நிறுத்தி, மறுபடி சொல்லச் சொன்னேன்.

"மூஞ்சில சாயம் சொட்டிக்கினே இருக்குமாம். கழுத்து கோணிப்போச்சாம் அவருக்கு."

தலைக்கு மேலே வெல்டிங் செய்கிறவனுக்கு இது புதிதில்லை. பொறி சட்டைக் கழுத்துக்குள் விழும். உதற முடியாது, உதறினால் இரும்பை இணைக்கும் பற்று கோணிவிடும். சாயங்காலம் கழுத்தை நேராக்கவே சிறிது நேரம் ஆகும். எங்களோடு வேலை செய்கிற எல்லோருக்கும் கழுத்தில் சின்னச் சின்னத் தழும்புகள் உண்டு. அவ்வளவு பெரிய கலைஞரை நான் எங்கள் கூட்டத்தில் சேர்த்துப் பேசவில்லை. ஆனால் கழுத்து வலிக்க வலிக்க ஒருவர் அண்ணாந்து செய்த வேலையை, அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாத நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கிடைக்காத வசதி எனக்குக் கிடைத்திருக்கிறது என்று தோன்றியது. தலையணை வைத்துக்கொண்டு அந்தக் கூரையைப் பார்க்க எத்தனை பேருக்கு வாய்க்கும்? அதுவரை என்னைப் பற்றி நினைத்தால் பரிதாபம்தான் வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு வரவில்லை.

அக்காவுக்கும் ஓர் ஆள் கிடைத்தாள். எனக்கு ஊட்டுவதற்காக அவள் என் தலைமாட்டில் உட்காருவாள். அங்கிருந்து பார்த்தால் ஓரத்தில் பெரிய புத்தகத்தைப் பிரித்து வைத்துப் படிக்கும் ஒரு வயதான பெண் தெரிவாள். வருவதை முன்கூட்டிச் சொல்கிறவளாம். முகமெல்லாம் சுருக்கம், தோளும் கையும் மட்டும் பயில்வானுக்கு இருப்பதுபோல. ஒரு நாள் மதியம் கஞ்சிக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா ஊட்டாமல் மேலேயே பார்த்தாள்.

"இந்தம்மா கையப் பாருடா."

"ஏன், இன்னா?"

"நாத்து நட்ட கை மாரி கீது. கட்டு தூக்கின கை." தன் இடது கையிலிருந்து முந்தானையை ரவிக்கை வரைக்கும் விலக்கிப் பார்த்துக்கொண்டாள். "எனக்கும் இப்டித்தான் இருந்திச்சி. ஆம்பள மாரி கை வெச்சிகினுக்கிறன்னு சிரிப்பாளுங்க."

அக்கா பதினான்கு வயதிலிருந்து மற்றவர்கள் நிலத்தில் நடவுக்குப் போனவள். எனக்குப் பள்ளிக்கூடப் பையும் பிறகு ஐடிஐ படிப்பும் அந்தக் கையிலிருந்து வந்தவை. அன்று சாப்பாடு முடிந்ததும் அவள் கிண்ணத்தைக் கழுவப் போகாமல், சேலையைச் சரிசெய்துகொண்டு மனைவியின் பாயில் மெல்லப் படுத்து, அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்ளோ மேல கொண்டுபோயி உக்கார வெச்சிக்கிறான்" என்று ஒருமுறை சொன்னாள். பிறகு தூங்கிப்போனாள். நான் சத்தம் போடாமல் கிடந்தேன்.

படத்தை மாட்டியதால் ஏதோ மாறியது எனக்கும் அக்காவுக்கும் மட்டுமில்லை, மனைவிக்கும்தான். மனைவி கடையில் வருடக்கணக்காக ஒரு படத்தைப் பயன்படுத்தி வந்தாள். முழங்கையை ஊன்றி, மோவாயைக் கையில் தாங்கி, மேலே பார்க்கிற இரண்டு இறக்கைக் குழந்தைகள். காதுகுத்து, ஞானஸ்நானம், முதல் பிறந்தநாள் என்று எந்த பேனர் வந்தாலும் அவை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூரையை வரைந்தவரைப் பற்றித் தேடப் போய், அதே காலத்தில் அதே ஊரில் வரைந்த இளவயதுக்காரர் ஒருவரின் படங்கள் அவள் கண்ணில் பட்டன. அதில் ஒன்றைக் காட்டத்தான் ஒரு மாலை செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"ஏங்க, இதப் பாருங்க."

போனில் மாதா குழந்தையை ஏந்திக்கொண்டு மேகத்தின் மேல் நடந்து வருகிறாள். காற்றில் முக்காடு விரிந்திருக்கிறது. படத்தின் அடிவிளிம்பில், அந்த இரண்டு குழந்தைகள்.

"எத்தினி பேனர்ல வெட்டி ஒட்டிக்கிறேன். மாதா படத்தோட அடியில இருந்து வந்ததுங்கன்னு தெரியாது. இவ்ளோ நாளா இன்னாத்த பாத்துக்கினு இருந்துச்சுங்கன்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிது."

தேடத் தேட இன்னும் வந்தது. இறந்தவர்களுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் போடும்போது வைக்கிற கூப்பிய கைகள், ஜெர்மனியில் ஒருவர் மையால் வரைந்தவை. பெரிய படம் ஒன்றுக்கு ஒத்திகையாக வரைந்து பார்த்ததாம். அக்கா வீட்டில் அரிசி டிரம்முக்கு மேலே ஜிகினா ஒட்டிய சட்டத்தில் இருக்கும் கடைசி இராவுணவு, துறவிகள் சாப்பிடும் கூடத்துச் சுவரில் வரைந்தது. வரைந்தவர் இருக்கும்போதே அது உதிரத் தொடங்கிவிட்டதாம். இவர்களெல்லாம் யாரோ தொலைவில் உள்ள பெரிய மனிதர்கள் என்று நினைத்திருந்தோம். அவர்கள் பிறப்புக்கும் சாவுக்கும் எங்கள் தெருவுக்கு வந்துபோய்க்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். நாங்கள் விசாரிக்கவில்லை, அவ்வளவுதான். அன்று முதல் மனைவி ஒரு வேலை செய்ய ஆரம்பித்தாள். ஞானஸ்நான பேனர் கேட்டு வருகிறவர்களுக்குக் குழந்தைகளை மட்டும் காட்டாமல் முழுப் படத்தையும் காட்டுவாள். சிலர் முழுப் படத்தையே கேட்டு வாங்கிப் போனார்கள்.

என் காலுக்கு வருகிறேன். வாரம் இரண்டு முறை பிசியோ செய்ய ஒரு பெண் வருவார். வேப்பம்பட்டிலிருந்து இரண்டு ரயில் மாறி வருகிறவர், நேரத்தை வீணாக்கமாட்டார். வலது கால் சொன்னபடி கேட்கத் தொடங்கியது. இடது கால் கேட்கவில்லை. "முட்டிய மடக்குங்க சார், மடக்கணும்னு நெனைங்க" என்பார். நினைப்பேன். கால் கிடக்கும். "நெனைக்கிறத விட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்.

நினைப்பதற்கு எனக்கு ஓர் உருவம் மேலேயே இருந்தது. அந்த மண்ணில் சாய்ந்த மனிதனின் இடது முழங்கால். தொங்கும் மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு நிற்பது அதுதான். காலையில் விழித்ததும் அதைப் பார்ப்பேன். தொடையில் எந்தத் தசை எங்கே புடைத்திருக்கிறது, குதிகால் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து என் காலுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

தை மாதம் பிறந்து சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்காவும் மனைவியும் பூசை முடிந்து வந்திருந்தார்கள். மனைவி சமையல்கட்டில் நாஷ்டாவுக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல் மேலே பார்த்து இழுத்தேன். போர்வை அசைந்தது. மறுபடி இழுத்தேன். குதிகால் மெத்தையில் உரசுவது கேட்டது. உணர்ச்சி குறைந்த காலானதால் முதலில் காதுக்குத்தான் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, நடுங்கி நடுங்கி, முழங்கால் கூடாரம்போல் போர்வையைத் தூக்கிக்கொண்டு நின்றது. நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. வலது முழங்கையை ஊன்றி லேசாகச் சாய்ந்து, இடது கையை நீட்டி அந்த முழங்காலின் மேல் வைத்திருக்கிறேன்.

தட்டோடு வந்த மனைவி நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள், மேலே பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அண்ணி, இங்க வாங்களேன்" என்று கூப்பிட்டாள். தட்டைக் கட்டிலின் மேல் வைத்துவிட்டு, என் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா வந்து பார்த்து, "மாதாவே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் அழுதோம். தோசை ஆறிப்போனது.

அதன்பின் உட்கார்ந்தேன், வாக்கர் பிடித்தேன், ஆடி மாதத்தில் கைத்தடிக்கு வந்தேன். இனி ஏணி ஏற முடியாது. பழைய மேஸ்திரி ஒருவர் சொல்லி, மற்றவர்கள் வெல்டிங் செய்த இணைப்புகளைத் தரையில் நின்று சோதிக்கிற வேலை கிடைத்தது. அந்த வேலைதான் இன்றைக்கும்.

அந்த வருஷக் கார்த்திகையில் புயல் மழை நிற்காமல் பெய்தது. ஏரி நிரம்பி வழிந்து, விடிந்து கொஞ்ச நேரத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. முதல் நாள் எங்களோடு தங்கியிருந்த அக்கா எனக்கு முன்னால் வழி பார்த்து நடந்தாள். மேட்டில் இருக்கும் மாதா கோயில் கூடத்துக்குப் போக வேண்டும். என்னால் ஒன்றும் தூக்க முடியாது. ஒரு கையில் தடி, மறு கை மனைவியின் தோளில். அவள் ஒரு முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் கால்களுக்கு நடுவில் அரிசி, மாத்திரைகள், இரண்டு பாத்திரம், மாற்றுத்துணி எல்லாம் அடுக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பளவு தண்ணீரில் அவள் ஒருமுறையும் தடுமாறவில்லை. "தோள வுட்றாதீங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பினோம். கட்டில் ஊறிப்போயிருந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. கூரையில் இருந்த படம் மட்டும் நனையாமல் இருந்தது. சேற்றை வழித்துத் தள்ளிய பிறகு முதுகு தாங்காமல், காய்ந்திருந்த ஓரத்தில் பாயைப் போட்டு, வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கம் தலைவைத்துப் படுத்தேன். இத்தனை மாதமும் என் தலைக்குப் பின்னால் போய்விட்டிருந்த பெருவெள்ளப் படம் அப்போதுதான் நேராகத் தெரிந்தது.

பேழை தூரத்தில் சின்னதாக இருந்தது. முன்னால் பெரிதாக இருந்தவர்கள் பேழையில் இடம் கிடைக்காதவர்கள். மேட்டைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மனைவியை முதுகில் சுமந்து வந்தான். ஒரு கிழவர் வாலிபன் ஒருவனின் துவண்ட உடம்பைத் தூக்கிக்கொண்டு பாறையில் ஏறினார். ஒரு பெண், கவிழ்த்துப்போட்ட மேசையொன்றின் கால்களுக்கு நடுவில் பாத்திரங்களை அடுக்கித் தலையில் சுமந்து வந்தாள்.

"ஏய், இங்க வா" என்று மனைவியைக் கூப்பிட்டேன். சேற்றுக் கையோடு வந்து பக்கத்தில் படுத்துப் பார்த்தாள்.

"நான் இத்தப் பாத்துட்டெல்லாம் செய்யல" என்றாள்.

"தெரியும்."

"இவரு எங்க பாத்துருப்பாரு? அவங்க ஊர்லயும் வெள்ளம் வந்துருக்குமா?"

"வந்துருக்கும்."

வாசலில் சாமான் கழுவிக்கொண்டிருந்த அக்கா உள்ளே எட்டிப் பார்த்து, தானும் வந்து நின்று அண்ணாந்தாள். "இவங்க யாரும் பொழைக்கலதான?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பொழைக்கமாட்டாங்கன்னு தெரிஞ்சும் ஒருத்தர ஒருத்தர் தூக்கிக்கினு போறாங்க பாரு" என்றாள். அதை வரைந்தவரும் அதைத்தான் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவர்களை அவ்வளவு பெரிதாக, அவ்வளவு பொறுமையாக, அண்ணாந்த கழுத்தோடு வரைந்திருக்கமாட்டார்.

நான் மனைவியிடம் நன்றி என்ற சொல்லை அதுவரை சொன்னதில்லை. எங்கள் பக்கம் வீட்டுக்குள் அப்படிச் சொல்கிற வழக்கமும் இல்லை. அன்று சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்து, "இன்னாத்துக்கு இப்ப?" என்றாள். எதைச் சொல்வது? எல்லாவற்றுக்கும் என்றேன். அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. எழுந்து, எனக்கும் கை கொடுத்து எழுப்பினாள்.

துடைப்பம் என் பக்கத்தில்தான் இருந்தது. அக்கா வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்ற ஊற்ற, நான் நின்றபடியே வாசலைப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.